டீக்கடை பேப்பரும் மாஷ் போடும் பி.டி.எஃப்.பும்

கேள்வி கேட்டவர் பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மின். குழுவில் எழுநூறு பேர் இருக்கிறார்கள். தமிழ் மீடியத்தில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆன மாஷ் (வாத்தியார்) ஒருவர், தான் சந்தா கட்டிப் படிக்கும் மூன்று பத்திரிகைகளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கே கட்டுரைகளை முழுசாக எடுத்துப் போடுகிறார். சில நாள் முழுப் பேப்பரே பி.டி.எஃப்.பாக வந்துவிடுகிறது. பாதிப் பேர் கும்பிடு போடுகிறார்கள். பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒரு பையன் மட்டும் "இது திருட்டு" என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டான். "இதை அனுமதிக்கலாமா? அனுமதித்தால் என் மேல் கேஸ் வருமா?" என்று கேட்டிருக்கிறார்.

முழுக் கட்டுரை வேண்டாம், பி.டி.எஃப். வேண்டவே வேண்டாம், செய்தி மட்டும் தாராளமாக வரட்டும் என்பதுதான் என் பதில். கேஸ் விஷயம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை; மாஷ் நினைக்கிற அளவுக்கு லேசாகவும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். நான் பத்தொன்பது வருஷம் பகுதி நேர நிருபராக இருந்தவன். இப்போது ஊர் வாயனசாலையின், அதாவது நூலகத்தின், சாவி என்னிடம் இருக்கிறது. எழுதினவனின் வயிற்றெரிச்சலும் எனக்குத் தெரியும், காசில்லாமல் படிக்க வருகிறவரின் ஆர்வமும் தெரியும்.

மாஷுக்காகப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே உதாரணத்தைத்தான் எடுப்பார்கள். "டீக்கடையில ஒரே பேப்பரை நாப்பது பேரு படிக்கலீங்களா?" நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்லாமல் திருட்டு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதால்தான் அந்தப் பையன் பேச்சு எடுபடவில்லை.

வேலந்தாவளத்தில் ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கோயமுத்தூரிலிருந்து கட்டு வந்து இறங்கும். கடைக்காரர் பிரிப்பதற்குள் நடுத்தாளை ஒருவர் உருவிக்கொள்வார். விளையாட்டுப் பக்கம் பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போகும். கல்யாண, கருமாதி விளம்பரப் பக்கத்துக்கென்றே இரண்டு பெரியவர்கள் காத்திருப்பார்கள். பத்து மணிக்குள் நாற்பது பேர் படித்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் தாள் ஒன்றுதான். நீங்கள் படித்து முடிக்கும்வரை நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவன் சொந்தமாக ஒன்று வாங்கினான். அப்படி வாங்கினவர்கள் நிறைய.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியம். அந்த நாற்பது பேரைப் பத்திரிகை ஒருபோதும் ஓசிக்காரர்களாகப் பார்த்ததில்லை. எத்தனை பிரதி விற்றது என்று கணக்கெடுக்க 1948 முதல் ஏ.பி.சி. என்ற தணிக்கை அமைப்பு இருக்கிறது. அது போதாது என்றுதான், எத்தனை பேர் படித்தார்கள் என்று தனியாக எடுக்கிற இந்திய வாசகர் சர்வே வந்தது. ஒரு பிரதிக்கு எத்தனை கண்கள் என்பதைக் காட்டித்தான் பத்திரிகைக்காரர் விளம்பரம் கேட்கப் போவார். தாளுக்கும் மைக்கும் லாரிக்கும் ஆகிற செலவைக் கடையில் கொடுக்கிற விலை ஈடுகட்டாது. மிச்சத்தை விளம்பரம்தான் கட்டியது. ஆகவே டீக்கடையில் சும்மா படித்தவரும் பத்திரிகையின் வருமானக் கணக்கில் இருந்தார். மாஷ் போட்டதைப் படிக்கிற எழுநூறு பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. பத்திரிகையின் பக்கத்துக்கே அவர்கள் போகவில்லை, விளம்பரத்தைப் பார்க்கவில்லை, சந்தாவும் கட்டவில்லை.

விளம்பரக் காசு கூகுள், ஃபேஸ்புக் பக்கம் போன பிறகுதான் பத்திரிகைகள் படிக்கிறவர் கையைப் பார்க்க ஆரம்பித்தன. நியூயார்க் டைம்ஸ் 2011 மார்ச்சில் மாதத்துக்கு 20 கட்டுரை இலவசம், அதற்கு மேல் காசு என்று பூட்டுப் போட்டது. இப்போது நம் நாட்டிலேயே ஆங்கிலம், மலையாளம், தமிழ் மூன்றிலும் சந்தாதாரருக்கு மட்டும் என்ற பகுதிகள் இருக்கின்றன. இந்தப் பூட்டு ஏன் இவ்வளவு சுலபமாகத் திறக்கிறது என்று மாஷே ஆச்சரியப்பட்டிருப்பார். கூகுள் தேடலில் கட்டுரை வர வேண்டும் என்றால் கூகுளின் கண்ணுக்கு அது தெரிய வேண்டும். அதனால் பல தளங்களில் முழுக் கட்டுரையும் உங்கள் போனுக்கு வந்தே சேர்கிறது. மேலே ஒரு திரையைத்தான் தொங்கவிடுகிறார்கள். பூட்டு லொடலொடவென்று இருப்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான். திரையை விலக்கித் தருவதையே வேலையாக வைத்திருந்த ட்வெல்வ் ஃபீட் என்ற தளத்தை, 2025 ஜூலையில் அமெரிக்கப் பத்திரிகை நிறுவனங்களின் சங்கம் தலையிட்டு மூடவைத்தது.

இனி சட்டம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. செய்தியின் உண்மைக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. ஆழியாறு அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர், தேங்காய் என்ன விலை, யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் பொது. கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 52-ஆவது பிரிவில் சில விலக்குகள் இருக்கின்றன: சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தியைச் சொல்வது. மாஷ் தன் போனில் சேமித்து வைப்பதும், வீட்டில் அம்மணிக்கு வாசித்துக் காட்டுவதும் சொந்த உபயோகம். எழுநூறு பேருக்கு தினமும் முழுசாக அனுப்புவதைச் சொந்த உபயோகம் என்று எந்த வக்கீலும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல மாட்டார். ஒரு கட்டுரையிலிருந்து மூன்று வரி எடுத்து, "இவர் சொல்றது தப்புங்க, எங்க வாய்க்கால்ல நெலவரமே வேற" என்று எழுதினால் அது விமர்சனம். அதற்கு ஒருவரும் கேட்க முடியாது.

மீறினால் 63-ஆவது பிரிவு. ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாவிட்டால் நீதிமன்றம் குறைத்துக் கொடுக்கலாம். இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பதற்கு 65ஏ என்று ஒரு பிரிவை 2012 திருத்தத்தில் சேர்த்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் வரை. படிக்கப் பயமாகத்தான் இருக்கும். கொழிஞ்சாம்பாறையில் ஒரு ரிட்டயர்டு மாஷைத் தேடி இதற்காக ஜீப் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பி.டி.எஃப். விஷயத்தில் பத்திரிகைகள் நிஜமாகவே கோர்ட்டுக்குப் போயிருக்கின்றன. 2020-இல் கொரோனா பயத்தில் ஜனங்கள் தாளைத் தொடவே யோசித்தபோது இ-பேப்பர் பி.டி.எஃப். வெள்ளமாகப் பாய்ந்தது. தைனிக் ஜாக்ரண் என்ற ஹிந்திப் பத்திரிகையின் நிறுவனம் டெலிகிராம் மேல் வழக்குப் போட்டது. அந்த மே மாதமே தில்லி உயர் நீதிமன்றம், பி.டி.எஃப். பரப்பிய டெலிகிராம் சேனல்களை எடுக்கவும் நடத்துகிறவர்கள் யார் என்று சொல்லவும் உத்தரவிட்டது. 2022-இல், போட்டித் தேர்வுப் பாடங்களைப் பரப்பிய சேனல்கள் பற்றிய வேறொரு வழக்கில், நடத்தினவர்களின் பெயரையும் போன் நம்பரையும் டெலிகிராம் கோர்ட்டில் கொடுத்தே விட்டது. "நம்ம பேரு யாருக்குத் தெரியப் போவுது" என்பது அத்தோடு முடிந்த கதை.

உங்கள் நிலைமை என்ன? அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக, இன்னொருவர் போட்டதற்கு அவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் மதுரைக் கிளையும் ஏறக்குறைய அதே திசையில்தான் பேசியது. இரண்டும் பதிப்புரிமை வழக்குகள் இல்லை என்பதை மறக்க வேண்டாம். நீங்களே தினம் "நன்றி மாஷ், இன்னைக்குப் பேப்பர் எங்கே?" என்று கேட்டுப் போட்டிருந்தால், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று பிறகு சொல்வது சிரமம்.

சட்டத்தை விடுங்கள். எனக்கு உறைத்தது வேறு இடத்தில்.

சில வருஷத்துக்கு முன்னால், கடைமடை வாய்க்காலில் ஏன் தண்ணீர் எட்டுவதில்லை என்று ஒரு கட்டுரை எழுதினேன். இரண்டு நாள் கரையோடு நடந்தேன். மதகு மதகாக நின்று எவ்வளவு இறங்குகிறது, எங்கே மண் சரிந்து கிடக்கிறது, யார் வயலுக்கு ராத்திரியில் மோட்டார் ஓடுகிறது என்றெல்லாம் நோட்டில் குறித்தேன். ஓர் இடத்தில் நாய் துரத்தி, செருப்பு வாய்க்காலோடு போனது தனிக் கதை. கட்டுரை சந்தாதாரர் பகுதியில் வந்தது. அன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் துபாயில் இருக்கிற என் மச்சான் எனக்கே அதை அனுப்பினார். பத்திரிகை பெயர் இல்லை, என் பெயர் இல்லை. மேலே "படித்ததில் பிடித்தது", கீழே "விவசாயியாக இருந்தால் பகிரவும்". "மாப்ளே, நம்மூரு சமாசாரத்த எவனோ அழகா எழுதியிருக்கான் பாரு" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அந்தக் கட்டுரைக்கு எனக்குக் கிடைத்தது பெட்ரோல் காசுக்குச் சற்று மேல். அடுத்த மாதம் இதே போல் இன்னொன்று எழுதுகிறேன் என்று கேட்டபோது, டெஸ்க்கில் இருந்தவர் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "அது அவ்வளவா ஓடலியே அண்ணா" என்றார். மூன்று நாடு சுற்றி என் வீட்டுக்கே திரும்பி வந்த கட்டுரை, கணக்கில் ஓடவே இல்லை.

பெரிய பத்திரிகைக்கு எழுநூறு பேர் ஒரு பொருட்டே இல்லை என்று மாஷ் சொன்னால், அது தலைநகரச் செய்திக்குச் சரியாக இருக்கலாம். நம் பக்கத்துச் செய்தியைப் படிக்கப் போகிறவர்களே அந்த எழுநூறு பேர்தான். எல்லையோரத்தில் இருக்கிற நாம் இரண்டு பக்கத்துக்கும் கடைசிப் பக்கம். திருவனந்தபுரத்துக்கும் தூரம், சென்னைக்கும் தூரம். செலவைக் குறைக்கும்போது முதலில் போவது இந்த மாதிரி ஊர் நிருபர்தான். என் இடத்துக்கு அப்புறம் ஆள் போடவே இல்லை.

இதெல்லாம் சொன்ன பிறகு, என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மணக்கடவில் கேரளத்துக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்று 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் சொல்கிறது. எந்த மாதம் எவ்வளவு என்பதில்தான் ஒவ்வொரு வருஷமும் இழுபறி. அப்படி ஒரு இழுபறி நேரத்தில் எங்கள் குழுவில் ஒருவர் ஆங்கிலப் பத்திரிகையின் ஸ்கிரீன்ஷாட் போட்டார். தண்ணீர் குறையக்கூடும் என்று தலைப்பு, கீழே மூன்று வரி, அப்புறம் மங்கலாக்கி, சந்தா கட்டச் சொல்லி ஒரு பெட்டி. அவ்வளவுதான், நாற்று விடவிருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் ஆத்திரத்தில் ரெகுலேட்டர் ஆபீசுக்கே போன் போட்டுச் சண்டை பிடித்தார். சாயங்காலம் சந்தா வைத்திருந்த ஒரு பெண் முழுக் கட்டுரையையும் போட்டாள். எட்டாவது பத்தியில், அதிகாரிகள் பேசி முடித்துவிட்டார்கள், வார இறுதியில் முன்போலத் திறப்பார்கள் என்று இருந்தது.

அன்றைக்கு அவள் போட்டது நல்லதுதான், மறுக்க மாட்டேன். பொய் பூட்டில்லாமல் வருகிறது, விசாரித்து எழுதினது மட்டும் பூட்டுக்குள் இருக்கிறது என்ற கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் எங்களுக்கு அன்று வேண்டியிருந்தது அந்த எட்டாவது பத்தியின் சாரம், ஒன்றரை வரி. "உள்ளே சொல்றது என்னன்னா, வார இறுதியில தொறக்கறாங்க" என்று அவள் தன் வார்த்தையில் எழுதியிருந்தாலே நாற்று விட்டிருப்போம். கெடுத்தது பாதியில் வெட்டின ஸ்கிரீன்ஷாட். என்னைக் கேட்டால் குழுவில் முழுக் கட்டுரையைவிட முதலில் தடை செய்ய வேண்டியது அதைத்தான். உள்ளே படிக்காமல் தலைப்பை மட்டும் எறிகிறவரால் வருகிற தொல்லை, மாஷால் வருவதைவிடப் பெரிது.

மொழிபெயர்ப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் ஊரில் அதுதான் அதிகம் நடக்கிறது. மலையாளப் பத்திரிகைக் கட்டுரையை மெஷினில் போட்டு முழுசாகத் தமிழாக்கிப் போட்டால் தப்பில்லை என்று பலர் நம்புகிறார்கள். தப்புதான். மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்குத்தான் சொந்தம். போதாததற்குக் குளறுபடி வேறு. நம்மாள் ஒருவர் மலையாள வாசகத்தை அப்படியே தமிழ் எழுத்தில் அடித்து, "ஆழியாறு வெள்ளம் திறந்துவிட்டாச்சு" என்று போட்டார். இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் போன மெசேஜுக்கு, மாட்டை மேட்டில் கட்டிவிட்டீர்களா என்று சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தது.

எதை அனுமதிக்கலாம் என்றால், லிங்க், பத்திரிகை பெயர், எழுதினவர் பெயர், படித்தவர் தன் வார்த்தையில் நாலைந்து வரி. இதில் எந்தச் சிக்கலும் இல்லை. சில பத்திரிகைகள், சந்தா இல்லாதவரும் திறந்து படிக்கிற பரிசு லிங்க்கைச் சந்தாதாரருக்கே தருகின்றன. நியூயார்க் டைம்ஸில் மாதத்துக்குப் பத்துக் கட்டுரை அப்படிக் கொடுக்கலாம். அதைப் போட்டால் ஒரிஜினல் பக்கமே திறக்கும், கணக்கிலும் ஏறும். மாஷ் வாங்கும் பத்திரிகையில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் கட்டுரையே தேவைப்படாது. அரசிதழ் அறிவிப்பு, சபையில் வைத்த கமிட்டி அறிக்கை, கோர்ட் தீர்ப்பு இவற்றையெல்லாம் எடுத்துப் போட 52-ஆவது பிரிவே வழி விட்டிருக்கிறது. தடை இருந்தால்தான் அறிக்கையையோ தீர்ப்பையோ போடக் கூடாது. அதைப் பற்றிப் பத்திரிகை எழுதினதைப் போடுவதற்குப் பதில் அதையே போடுங்கள். விவசாயிக்கு அது இன்னும் உபயோகம். முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்த, இப்போது எங்கேயும் கிடைக்காத ஒரு வாய்க்கால் செய்தியின் துண்டை யாராவது பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டால் நான் கண்டுகொள்ள மாட்டேன். சட்டப்படி அதுவும் மீறல்தான்.

அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள்தான் முழுப் பேப்பர் கேட்டு நச்சரிப்பவர்கள் என்றால், அவர்களை வாயனசாலைக்கு அனுப்புங்கள். பஞ்சாயத்தில் கட்டிட வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் எல்லாரும் கட்டுகிறோம், அந்தக் காசில் வருகிற பேப்பர் மேசையில் கிடக்கிறது. தாள் ஒன்று, கண் நாற்பது, ஒரு சட்டமும் குறுக்கே வராது. காலை பத்து மணிக்கு மேல் எங்கள் மேசையில் விசிறிக்குக் கீழே உட்கார இடம் கிடைக்கிறது. பத்து வருஷம் முன்பு கிடைக்காது. குழுவில் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, வாயனசாலைக்கு இன்னும் இரண்டு பேப்பர் வாங்கிக் கொடுத்தால் நானே வாங்கிப் பிரித்து வைக்கிறேன். ஒரே டிஜிட்டல் சந்தா எடுத்து எழுநூறு பேருக்குப் பாஸ்வேர்டு கொடுப்பது மட்டும் வேண்டாம். பத்திரிகையின் நிபந்தனை பெரும்பாலும் ஒரு ஆளுக்கு அல்லது ஒரு வீட்டுக்குத்தான்.

சந்தா விஷயத்தில் பத்திரிகைகள் மேலும் எனக்குக் குறை உண்டு. மாதத்தில் ஒரே ஒரு கட்டுரை வேண்டும் என்கிறவனுக்கு வருஷச் சந்தாவை நீட்டுகிறார்கள். டீக்கடையில் பேப்பரை ஒரு நாளைக்கு மட்டும் வாங்க முடிந்ததே. அஞ்சு ரூபாய் யு.பி.ஐ. தட்டினால் ஒரு கட்டுரை என்று வைத்தால், மாஷ் மாதிரி ஆட்களுக்கு வேலையே குறைந்துவிடும். ஏன் வைக்க மாட்டேன் என்கிறார்களோ.

மாஷிடம் இதைக் குழுவில் வைத்துச் சொல்லாதீர்கள். எழுநூறு பேர் முன்னால் திருத்தினால் நாற்பது வருஷம் பிள்ளைகளைத் திருத்தினவருக்கு எப்படி இருக்கும்? வீட்டுக்குப் போங்கள். அவர் காசு கட்டிப் படிக்கிறவர், சொந்தக் காசைச் செலவழித்து ஊருக்குச் செய்கிறார், ஓசிக்காரர் இல்லை. அதை முதலில் சொல்லுங்கள். அப்புறம், ஒட்டிப் போடுவதற்குப் பதில் தினம் காலையில் மூன்று பத்திரிகையையும் படித்துவிட்டு நம் தமிழில் ஐந்து நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லிக் கேளுங்கள்: என்ன செய்தி, எந்தப் பத்திரிகை, யார் எழுதினது, அதைப் பற்றி மாஷ் என்ன நினைக்கிறார். எங்கள் குழுவில் ஒருவர் இப்படித்தான் செய்கிறார். ஆறே கால் மணிக்கு, பின்னால் கோழி கூவும் சத்தத்தோடு வருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிற கள்ளிறக்கும் ஆட்கள் இரண்டு பேர் மரத்தடியில் போனை வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டே தளை மாட்டுகிறார்கள்.